அந்த அவமானம் யாருடையது?

2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் என். ஆனந்த் வெங்கடேஷ். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு வலுக்கவே சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் ‘காணவில்லை’ என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி முதலில் அந்தப் பெண்களையும் இரு வீட்டுப் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்.

அந்த உளவியலாளரின் அறிக்கையை நீதிமன்ற உத்தரவே பதிவு செய்திருக்கிறது. பெண்கள் இருவருக்கும் தங்கள் உறவைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை. பெற்றோர் மீது பாசம் குறையவில்லை. வலுக்கட்டாயமாகப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்றுதான். பெற்றோருக்குப் புரியும்வரை எத்தனை வருடமானாலும் காத்திருக்கத் தயார் என்றார்கள். பெற்றோரின் கவலை வேறு: ஊர் என்ன சொல்லும், மகளுக்குப் பாதுகாப்பு என்ன, வம்சம் என்னாவது? ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் கடைசிவரை துணையில்லாமல் இருந்துவிட்டால்கூட அதுவே கௌரவம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இதை வாசிக்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. கோளாறு எங்கே என்று தேடிப்போன அந்த உளவியலாளர், பெண்களின் நேசத்துக்குள் அதைக் காணவில்லை. நேசத்தைச் சுற்றி நின்ற பயத்தில்தான் கண்டார். தன்பாலீர்ப்புள்ள ஒருவருக்கு உளவியல் ஆலோசனை எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவியலே இங்கிருந்துதான் தொடங்குகிறது. வலி எங்கிருந்து வருகிறது என்பதைத் தப்பாகப் பிடித்தால், அதற்குப் பிறகு செய்யும் எல்லாமே தப்பாகிவிடும். அப்படித் தப்பாகப் பிடித்த வரலாறு நீளமானது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மனநல மருத்துவம் தன்பாலீர்ப்பை நோய் என்றே எழுதி வைத்திருந்தது. அதற்கான ஆதாரம் எங்கிருந்து வந்தது? மனநல மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தவர்களிடமிருந்து. நோயாளிகளை மட்டுமே பார்த்துவிட்டு ‘இவர்கள் எல்லோரும் நோயாளிகள்’ என்று முடிவு கட்டியிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்த ஈவ்லின் ஹூக்கர் இந்த ஓட்டையைக் கண்டுகொண்டார். எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும் என்று அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் வற்புறுத்தியதுதான் தொடக்கம். சிகிச்சை எதிலும் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும், வயது, படிப்பு, அறிவுத்திறன் ஆகியவற்றில் அவர்களுக்கு இணையான 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் சேர்த்தார். மைத்தடங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையும் வேறு சில சோதனைகளும் நடத்தினார். பெயரை நீக்கிவிட்டு விடைகளை அந்தத் துறையின் பெரிய நிபுணர்களிடம் கொடுத்து, யார் யார் என்று பிரித்துச் சொல்லச் சொன்னார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலும் அதே அளவுதான் சரியாக வந்திருக்கும். இந்த ஆய்வு 1957இல் வெளியானது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்க 1973 டிசம்பர் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனத்துக்கு 1990 மே 17 வரை ஆயிற்று. நீக்கிய பிறகும் பட்டியலின் ஓரத்தில் ஒரு கதவு திறந்தே கிடந்தது. தன் ஈர்ப்பு தனக்கே பிடிக்காமல் வேதனைப்படுபவருக்கு மட்டும் ஒரு தனி நோய்க்குறி வைத்திருந்தார்கள். சுற்றியுள்ள எல்லோரும் அருவருக்கும்போது ஒருவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போவது இயல்புதானே? அதையும் அவருடைய நோயாக எழுதினால், அவரை மாற்ற முயல்வதற்கு அனுமதிச் சீட்டு கொடுத்ததாகாதா? 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது பட்டியலில்தான் அந்தக் கதவையும் மூடினார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கதவு வழியாக நிறையப் பேர் உள்ளே இழுக்கப்பட்டார்கள். 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் இந்திய மனநல மருத்துவ இதழில் வந்த சில கட்டுரைகளைப் படித்தால் மனம் கனத்துப்போகும். திரையில் ஆணின் படம் வரும். பார்ப்பவரின் கையில் மின் அதிர்ச்சி பாயும். பெண்ணின் படத்துக்கு மாற்றினால் அதிர்ச்சி நிற்கும். இதை ‘நடத்தைச் சிகிச்சை’ என்று பெருமையோடு எழுதினார்கள். கொடூரமானவர்கள் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நோயாளிக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பிய படித்த மருத்துவர்கள்தான் செய்தார்கள். வலியின் இடம் தப்பாகிவிட்டால் நல்லெண்ணமே சித்திரவதைக் கருவியாகிவிடுகிறது.

இந்த ‘மாற்றும் சிகிச்சை’ பலிக்கிறதா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு அதுவரையிலான ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து 2009இல் அறிக்கை கொடுத்தது: ஈர்ப்பு மாறுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடியதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலரால் மாற முடிகிறது என்று 2003இல் ஆய்வு வெளியிட்டுப் பரபரப்பாக்கிய ராபர்ட் ஸ்பிட்சர், 2012இல் அந்த ஆய்வின் முடிவு செல்லாது என்று தானே ஒப்புக்கொண்டு தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன்னின்று உழைத்தவரும் இதே ஸ்பிட்சர்தான். தொடக்கத்தில் சொன்ன சென்னை வழக்கின் தீர்ப்பு 2021 ஜூன் 7 அன்று வந்தது. தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதைத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையை மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது.

சரி, மாற்றக் கூடாது. அப்படியானால் ஆலோசகருக்கு என்ன வேலை? ‘நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள், போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிட முடியுமா? முடியாது. ஏனென்றால் வந்தவர் உண்மையிலேயே உடைந்துபோய்தான் வந்திருக்கிறார். 1982இல் ஆலன் மாலியன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கொரு பாதை காட்டினார். தன்பாலீர்ப்பை அல்ல, தன்பாலீர்ப்பின் மீது ஒருவர் சிறுவயதிலிருந்து விழுங்கி வைத்திருக்கும் வெறுப்பைத்தான் சிகிச்சை குறிவைக்க வேண்டும் என்றார் அவர். இன்று ‘உறுதிப்படுத்தும் ஆலோசனை’ என்று வழங்கும் முறைக்கு அது அடித்தளமாயிற்று.

வெறுப்பை எப்படிக் குறிவைப்பது? ஒரு கற்பனை அமர்வைப் பார்க்கலாம். ஈரோட்டுப் பக்கத்து ஊர்க்காரர், கோவையில் ஐ.டி. வேலை, வயது 27. தூக்கம் வரவில்லை என்றுதான் வந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் கவுன்சலர் ஐம்பது வயதுப் பெண்.

“எத்தனை நாளா தூக்கம் இல்லைங்க?”

“தை மாசத்துல இருந்துங்க மேடம். வீட்டுல ஜாதகத்த வெளிய எடுத்துட்டாங்க.”

“எடுத்தா உங்களுக்கு என்ன ஆகுது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “எனக்குப் பொண்ணுங்க மேல அப்படி வராதுங்க. பசங்க மேலதான். சின்ன வயசுல இருந்தே. நான் ஒரு அசிங்கமான ஆளுங்க மேடம்.”

பழைய காலத்துக் கவுன்சலராக இருந்தால் ‘பசங்க மேலதான்’ என்பதைப் பிடித்துக்கொண்டிருப்பார். எப்போதிலிருந்து, அம்மாவோடு நெருக்கமா, அப்பா கண்டிப்பானவரா, யாராவது கெடுத்தார்களா என்று தோண்டத் தொடங்கியிருப்பார். இவர் அதைத் தாண்டிப்போய்க் கடைசி வார்த்தைகளில் நிற்கிறார்.

“அசிங்கம்னு சொன்னீங்க. அந்த வார்த்தைய முதல்ல எங்க கேட்டீங்க?”

“எட்டாவது படிக்கும்போதுங்க. பி.டி. சார் எல்லார் முன்னாடியும் என்னை மாதிரி நடந்து காட்டினாரு. அசிங்கமா நடக்காதடான்னாரு. பசங்க எல்லாம் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து பீரோ கண்ணாடி முன்னாடி நடந்து நடந்து பாத்தேன்.”

“இப்பவும் நடக்கும்போது அந்த நெனப்பு வருமா?”

“லிஃப்ட்ல இருந்து என் சீட்டு வரைக்கும் தெனமும் வருங்க.”

ஓர் ஆசிரியரின் சில நிமிட நடிப்பு 14 வருடமாக இவர் காலோடு கூடவே நடந்துகொண்டிருக்கிறது. இதைத்தான் இலான் மேயர் என்ற ஆய்வாளர் 1995இலும் பின்னர் 2003இலும் எழுதிய கட்டுரைகளில் ‘சிறுபான்மை அழுத்தம்’ என்ற கோட்பாடாக வளர்த்தார். தன்பாலீர்ப்பாளர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. காரணம் ஈர்ப்பில் இல்லை. அந்த ஈர்ப்போடு இந்தச் சமூகத்தில் வாழ்வதற்குக் கொடுக்கும் விலையில் இருக்கிறது என்றார் மேயர். வெளியிலிருந்து வருபவை: கேலி, அடி, வேலை மறுப்பு, வீட்டைவிட்டு விரட்டுவது. அவை காலப்போக்கில் உள்ளே குடியேறிவிடுகின்றன. யாராவது ஒதுக்கிவிடுவார்கள் என்று எப்போதும் எதிர்பார்த்திருப்பது, மறைப்பது, கடைசியில் தானே தன்னை வெறுப்பது. இந்த மூன்றும் வேலை செய்ய எதிரே ஒரு எதிரிகூட வேண்டாம். லிஃப்டிலிருந்து சீட்டுக்கு நடக்கும்போது அந்த அலுவலகத்தில் யாருமே அவர் நடையைப் பார்க்காமல் இருக்கலாம். அவருக்கு அது தெரியாது.

மறைப்பு என்பது ஒரு முழுநேர வேலை. வார இறுதியில் எங்கே போனாய் என்று சக ஊழியர் கேட்டால் ‘அவன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஃப்ரெண்ட்’ என்று மாற்ற வேண்டும். செல்போனில் வரும் செய்தி திரையில் தெரியாதபடி அமைத்து வைக்க வேண்டும். சித்தி கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரிக்க வேண்டிய அளவு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். மனத்தின் ஒரு பகுதி எந்நேரமும் காவலுக்கு நின்றால், மிச்சப் பகுதிக்குச் சோர்வு வரத்தான் செய்யும்.

இதில் நம் ஊருக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் ஓர் ஆய்வு உண்டு. ஜான் பச்சான்கிஸும் மார்க் ஹாட்ஸன்பூலரும் 2013இல் வெளியிட்டது. தன்பாலீர்ப்பை மறைத்து வளரும் இளைஞர்கள் தங்கள் மதிப்பை முழுக்க முழுக்கப் படிப்பு, போட்டி, தோற்றம் போன்ற வெற்றிகளில் கட்டிவைத்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். எவ்வளவு காலம் மறைத்தார்களோ அவ்வளவு தீவிரமாக. வகுப்பில் முதல் ராங்க், எந்த வம்புக்கும் போகாத பிள்ளை, அம்மா சொல் தட்டாதவன், தங்கைக்குக் கல்யாணக் கடன் அடைத்தவன் — தமிழ்க் குடும்பங்களில் இப்படியொரு பையனை, பெண்ணை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அவர்கள் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மறைப்பவர்களில் பலர் இப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள்: ‘அந்த ஒரு விஷயம் தெரிந்தால் வெறுப்பார்கள், அதனால் மற்ற எல்லாவற்றிலும் குறையே இருக்கக் கூடாது.’ ஒரு தேர்வில் தோற்றாலோ பதவி உயர்வு தள்ளிப்போனாலோ இவர்கள் நொறுங்கும் வேகத்தைப் பார்த்து வீட்டார் திகைப்பதற்கு இது ஒரு காரணம். நல்ல ஆலோசகர் இந்தச் சாதனைப் பட்டியலைப் பாராட்டிவிட்டுப் போய்விட மாட்டார். அந்தப் பட்டியல் எதற்குக் காப்பாக நிற்கிறது என்று மெல்லக் கேட்பார்.

இப்படிப்பட்ட அமர்வுகளை வரிசைப்படுத்தி ஒரு முறையாகவே ஆக்கியிருக்கிறார் பச்சான்கிஸ். எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பைச் சரிசெய்யும் வழக்கமான அறிதல்-நடத்தைச் சிகிச்சைதான் அடிப்படை. அதைச் சிறுபான்மை அழுத்தத்துக்கு ஏற்ப மாற்றி 10 அமர்வுகளாக அமைத்தார். நியூயார்க்கில் 63 இளம் கே, இருபாலீர்ப்பு ஆண்களிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவில், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் குடியும் குறைந்திருந்தன. எங்கோ எப்போதோ கேட்ட வசவு இன்றைக்கு எந்த நேரத்தில் தலைதூக்குகிறது என்று வாரம் முழுக்கக் கவனித்துக் குறிப்பது. ‘எல்லோரும் பார்க்கிறார்கள்’ என்ற நினைப்பைச் சோதித்துப் பார்ப்பது. வேண்டாததற்கு ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவது என்று வேலை நடக்கிறது. நம் கோவை இளைஞருக்கு அடுத்த வார வீட்டுப்பாடம் இப்படி இருக்கலாம்: மூன்று நாள் லிஃப்டிலிருந்து சீட்டுக்கு நடையைக் கவனிக்காமல் நடக்க வேண்டும், யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

இதைவிட எளிய கருவி எழுத்து. தன்பாலீர்ப்பு காரணமாகப் பட்ட வேதனையை ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று மூன்று நாள் எழுதிய கல்லூரி மாணவர்கள், சில மாதங்களுக்குப் பிறகு தங்கள் ஈர்ப்பைப் பற்றிக் கூடுதல் வெளிப்படையாக இருந்ததாக 2010இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. துணைக்கு ஆளில்லாதவர்களுக்குப் பலன் அதிகமாகத் தெரிந்தது. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்ற கேள்வி நமக்கு வரும். எழுதிவிட்டுக் கிழித்துப் போடச் சொல்லும் ஆலோசகர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். பலன் எழுதுவதில் இருக்கிறது.

தன்னை ஏற்பது ஒரு நாளில் நடப்பதில்லை. அது ஒரு பயணம். ஆஸ்திரேலிய உளவியலாளர் விவியன் காஸ் 1979இல் அதை ஆறு கட்டங்களாகப் பிரித்தார்: குழப்பம், ஒப்பீடு, சகித்தல், ஏற்றல், பெருமிதம், ஒன்றிணைதல். அவர் காலத்துக்கு அது பெரிய புரட்சி. அதுவரை ‘எப்படி நோயாளி ஆனார்’ என்று கேட்டுக்கொண்டிருந்த துறை, ‘எப்படித் தன்னை வந்தடைகிறார்’ என்று கேட்கத் தொடங்கியது. ஆனாலும் இந்தப் படிக்கட்டை அப்படியே நம் ஊரில் பொருத்தக் கூடாது என்பது என் கருத்து. ஐந்தாவது கட்டமான பெருமிதத்தில் ஒருவர் ஊரறியச் சொல்வார், எதிர்த்து நிற்பார் என்று காஸ் எழுதினார். அப்படிச் சொல்லாதவர் இன்னும் ‘வளரவில்லை’ என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. அப்பாவின் ஓய்வூதியத்தில் படித்துக்கொண்டிருக்கும் பெண், ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பயப்பட வேண்டிய சிற்றூர்ப் பையன் ஆகியோருக்குச் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் அல்ல, கணக்கு. 1996இல் மெக்கார்னும் ஃபாஸிங்கரும் லெஸ்பியன் பெண்களுக்கென்று வேறொரு வரைபடம் போட்டார்கள். தனக்குள் தெளிவது ஒரு இழை, சமூகத்தில் ஒரு குழுவோடு சேர்வது இன்னொரு இழை. இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பதில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாமலேயே ஒரு பெண் தன்னைப் பற்றி முழுத் தெளிவோடும் அமைதியோடும் இருக்க முடியும் என்பதை இந்த வரைபடம் ஒப்புக்கொள்கிறது. நம் வாழ்க்கைக்கு இதுதான் பொருந்துகிறது.

வெளியே சொல்வதால் மனநலம் கூடுமா என்பதற்கும் ஒற்றை விடை இல்லை. லெகேட்டும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒருவரை அவராக இருக்கவிடும் மனிதர்களிடம் சொன்னால் மனம் இலேசாகிறது. அடக்கி ஆள்பவர்களிடம் சொன்னால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. ஆகவே ‘வீட்டில் சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கிவிடும்’ என்று அவசரப்படுத்தும் ஆலோசகர், ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வாயடைக்கும் ஆலோசகரைப் போலவே ஆபத்தானவர். முதலில் ஒரே ஒருவர் போதும். அக்காவாக இருக்கலாம், கல்லூரித் தோழியாக இருக்கலாம். சென்னையில் ஓரினம் போன்ற குழுக்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பெரிய உதவி இதுதான்: தன்னைப் போலவே இன்னொருவர், தமிழ் பேசிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, சாதாரணமாக வாழ்கிறார் என்பதைக் கண்ணால் காட்டுவது.

பெண்களின் விஷயத்தில் ஆலோசகர் இன்னொன்றை முதலிலேயே கேட்டாக வேண்டும்: உங்கள் போன் உங்களிடம் இருக்கிறதா? சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன? வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும்? விஷயம் தெரிந்தால் பையனைத் திட்டுவார்கள், அடிப்பார்கள். பெண்ணைப் பூட்டி வைப்பார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஆட்கொணர்வு மனு இதற்குச் சாட்சி. 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். தன்னை அடித்ததாகவும், ‘சரியாக’ ஆக்குவதற்குச் சடங்குகள் செய்யவைத்ததாகவும் அவர் நீதிபதிகளிடம் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விடுவித்தார்கள். திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் உண்டு என்று எழுதினார்கள். இப்படியொரு வீட்டிலிருந்து வரும் பெண்ணிடம் தன்னேற்பைப் பற்றிப் பேசுவது இரண்டாவது வேலை. அவர் பாதுகாப்பாக வீடு திரும்ப முடியுமா, திரும்பத்தான் வேண்டுமா என்பது முதல் வேலை.

இப்போது பெற்றோர். மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் ஆலோசனை என்றால் இரண்டு நாற்காலி. நம் ஊரில் மூன்றாவது, நான்காவது நாற்காலியும் வரும். பல நேரம் பெற்றோரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், ஃபீஸும் அவர்களே கட்டுகிறார்கள். கதவைத் திறந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி: “எங்க வளர்ப்புல எங்கயோ தப்பு நடந்துடுச்சாங்க?” இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். இல்லை. வளர்ப்பால் இது வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. 2019இல் சுமார் 4,77,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். ஒற்றைக் ‘கே மரபணு’ கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் சிறிய பங்கே வகிக்கும் பல மரபுக்கூறுகளும் மரபு சாராத காரணங்களும் கலந்து வேலை செய்கின்றன என்று தெரிந்தது. அம்மா செல்லம் கொடுத்ததும் அப்பா வெளிநாட்டில் இருந்ததும் அந்தக் கணக்கில் இல்லை. குற்றவுணர்வு இறங்கினால்தான் அந்த அம்மாவுக்குப் பிள்ளையின் முகம் கண்ணுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஓர் ஆராய்ச்சியை அவர்கள் முன் வைக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் நடத்திவரும் குடும்ப ஏற்புத் திட்டத்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வு அது. 21 முதல் 25 வயது வரையிலான 224 பேரிடம், பதின்பருவத்தில் வீட்டார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டார்கள். கடுமையாக நிராகரிக்கப்பட்டவர்கள், நிராகரிப்பு இல்லாத அல்லது குறைவாக இருந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள், 5.9 மடங்கு அதிகமாக மனச்சோர்வில் இருந்தார்கள். இந்த எண்ணைப் பெற்றோரை மிரட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. ரயனின் அணுகுமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பெற்றோரை அவர் எதிரியாக நிறுத்துவதே இல்லை. பிள்ளையை மாற்றத் துடிக்கும் பெற்றோர் பெரும்பாலும் அவனைக் காப்பாற்றத்தான் துடிக்கிறார்கள். அவர்கள் செய்யும் காரியம்தான் கொல்கிறது. ஆகவே நம்பிக்கையை, மதத்தை, கௌரவத்தை விட்டுவிடச் சொல்லாமல், செயல்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார்.

இதைத் தமிழ் வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற பெரிய வார்த்தையை ஆலோசகர் முதல் நாளே சொல்ல மாட்டார். ‘இந்த மாதம் ஜாதகத்தை உள்ளே வையுங்கள்’ என்பார். ‘செத்துத் தொலை, நாங்க செத்துடுவோம் என்ற சொற்கள் வீட்டில் வேண்டாம்’ என்பார். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் போவதை நிறுத்தி, “சாப்டியா கண்ணு?” என்று பழையபடி கேட்கச் சொல்வார். சாமியார், மாந்திரீகம், ‘ஹார்மோன் ஊசி’ எதற்கும் கூட்டிப்போக மாட்டோம் என்று உறுதி கேட்பார். சித்தப்பா வீட்டில் கேலி பேசினால் அப்பா “அந்தப் பேச்சு இங்க வேண்டாம்ப்பா” என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்பார். அப்பாவுக்கு இன்னும் எதுவும் புரியாமல் இருக்கலாம், ஏற்கவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை பிள்ளைக்குள் எங்கே போய் நிற்கும் என்பதை ஆலோசகர் அறிவார்: அந்த பி.டி. சாரின் நடிப்பு இத்தனை வருடம் நின்ற இடத்தில். கூடவே, இதே பாதையைக் கடந்த வேறு பெற்றோரோடு பேசவைப்பதும் பலன் தரும். இந்தியாவில் ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு இதற்காகவே இயங்குகிறது. ஓர் உளவியலாளர் பத்து அமர்வில் சொல்வதை, இன்னொரு அம்மா அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

நாற்காலிகள் கூடும்போது ரகசியம் கசியக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் தகவல்களுக்கு ரகசிய உரிமை உண்டு. ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்க மதிப்பீட்டுக்கும் ஒத்துவராததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது. பாலின ஈர்ப்பைக் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது. 18 வயது நிரம்பிய மகன் அமர்வில் சொன்னதை, ஃபீஸ் கட்டிய அப்பா தொலைபேசியில் கேட்டால், ‘அதை நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும்’ என்பதே ஆலோசகரின் பதில்.

சட்டம் இருந்தும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. மருத்துவ ஆணையத்தின் தடை மருத்துவர்களைத்தான் கட்டுப்படுத்தும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள நம் நாட்டில் பல காலமாக ஒரே சீரான உரிமம் கிடையாது. சில வாரச் சான்றிதழோடு கடை திறந்தவர்களும் இருக்கிறார்கள். மும்பையின் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் அமைப்பு, தன்பாலீர்ப்பாளர்கள் உள்ளிட்ட பால்புதுமையினருக்கான ஆலோசனை முறையை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த உளவியலாளர்களே கற்பிக்கும் பயிற்சியாக நடத்திவருகிறது. இந்தத் தேவைக்கு அது போதாது. தமிழில், மாவட்டம்தோறும், கல்லூரிக் கவுன்சலர்களுக்கும் அரசு மருத்துவமனை உளவியலாளர்களுக்கும் இந்தப் பயிற்சி வந்தாக வேண்டும்.

அதுவரை, போகிறவர்களே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. நேரம் வாங்கும்போதே போனில் கேட்கலாம்: தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கு ஆலோசனை கொடுத்த அனுபவம் உண்டா? இதை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? நான் சொல்வதை வீட்டில் சொல்வீர்களா? “முயற்சி பண்ணிப் பாக்கலாம்”, “கல்யாணம் ஆனா சரியாயிடும்”, “ஆன்லைன்ல நிறைய பாக்கறீங்களா?” என்ற பதில்களில் எது வந்தாலும் போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம். மாற்றித் தருகிறேன் என்று சொன்னவர் மருத்துவராக இருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்குகிறது; தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.